பறக்கலாமா, மூழ்கலாமா, லடாக் போகலாமா, வீட்டிலேயே இருக்கலாமா?

தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரம் அக்காவின் மகன் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தான். வயது 23. ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தாளில் நான்கு வரிகள் இருந்தன: பாராகிளைடிங் (துணிச் சிறகில் மலையிலிருந்து பறப்பது), ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்குவது), லடாக் வரை பைக், மலையேற்றம். கையில் இருக்கும் பணமும் விடுமுறையும் ஒன்றுக்குத்தான் போதும். "எது என்று நீங்கள் சொல்லுங்கள் மாமா. நீங்கள் சொன்னால் அம்மா தடுக்க மாட்டார்கள்" என்றான். பின்னாலேயே வந்த அக்கா அவன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து ஐந்தாவது வரியைத் தானே எழுதினாள்: வீட்டிலேயே இருப்பது.

ஒரே பிள்ளை. அவள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டாக வேலூரில் 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அவன் ஆசையையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இருபத்து மூன்று வயதில் உடம்பு ஒன்றைக் கேட்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. இதே கேள்வியோடு என்னிடம் வரும் இளைஞர்களும் பெற்றோரும் பலர். அன்று நாங்கள் மூவரும் பேசியதை அவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

ஆபத்து என்றவுடன் எல்லோரும் சாவை நினைக்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது வேறு. காலை ஆறு மணி வார்டில் ஓர் இளைஞன் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறப் பழகுகிறான். இரண்டுக்கும் நடுவே பாலம்போல வழவழப்பான ஒரு மரப்பலகை. ஒரு கையைப் பலகையிலும் மறு கையை மெத்தையிலும் ஊன்றி, உணர்வில்லாத இடுப்பைத் தூக்கி, நான்கு விரற்கடை நகர்கிறான். மூச்சு வாங்குகிறது. மறுபடியும் நான்கு விரற்கடை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் படுக்கைப்புண் வரும். தோலுக்கு வலி தெரியாததால் மறப்பது எளிது. அவன் எந்தச் சாகசமும் செய்தவன் அல்லன். தேங்காய் பறிக்க மரம் ஏறியவன். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ பைக்கிலிருந்தோ விழுந்தவர்கள்தான்.

ஆகவே முதல் கேள்வி, உயிர் போகுமா என்பதோடு நிற்கக் கூடாது. தவறினால் எப்படிப்பட்ட அடி படும், அடிபட்ட இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். பாதியில் "போதும்" என்று சொல்ல வழி இருக்கிறதா? சில விளையாட்டுகளில் ஒவ்வோர் அடியிலும் திரும்பலாம். சிலவற்றில் கால் தரையை விட்ட நொடியோடு உங்கள் முடிவு முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, உயிர் யார் கையில்? உங்கள் பயிற்சியின் கையிலா, முன்பின் தெரியாத ஒருவர் கையிலா, எதிரே வரும் லாரி ஓட்டுநர் கையிலா?

நான்காவது, தவறினால் யார் பணம் கட்டுவார்கள்? மருத்துவக் காப்பீட்டுக்கான பொது விதிகளில், சாகச விளையாட்டைத் தொழிலாகச் செய்து அடிபட்டால்தான் சிகிச்சைச் செலவு கிடையாது என்று இருக்கிறது. பொழுதுபோக்காகப் போகிறவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. ஆனால் தனிநபர் விபத்துக் காப்பீடுகள் பல, பொழுதுபோக்குச் சாகசத்தையும் விலக்கி வைக்கின்றன. பாலிசித் தாளில் விலக்குகள் என்ற தலைப்பின் கீழ் இருப்பதைக் கிளம்பும் முன் படித்துவிடுங்கள்.

கடைசியாக, முடிந்து வீடு திரும்பிய பிறகு என்ன மிஞ்சும்? ஒரு வீடியோவா, கைவந்த ஒரு வித்தையா?

சாகச விளையாட்டு என்ற ஒரே சொல் எவ்வளவு தூரம் விலகிய விஷயங்களை ஒரே கூடையில் போடுகிறது என்பதையும் அவனுக்குக் காட்டினேன். விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங்கில், அமெரிக்காவில் 2023-ல் ஏறக்குறைய 36.5 லட்சம் குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். நார்வேயின் ஷெராக் மலையில், விமானம் இல்லாமல் பாறை விளிம்பிலிருந்தே குதிக்கும் பேஸ் ஜம்பிங்கில், 1995 முதல் 2005 வரை 20,850 குதிப்புகளில் 9 பேர் இறந்தார்கள். இரண்டிலும் ஆள் விழுகிறான், பாராசூட் விரிகிறது. ஆபத்தோ நூற்றைம்பது மடங்குக்கு மேல் கூடுகிறது. உயரம் குறைவாக இருப்பதால் தவறைத் திருத்திக்கொள்ள நேரமில்லை, பாறையும் பக்கத்திலேயே இருக்கிறது என்பதுதான் காரணம். முதல் கணக்கையும் அப்படியே நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது. அது விமானம், கருவி, பயிற்சி எல்லாவற்றுக்கும் கண்டிப்பான நடைமுறை உள்ள இடத்தின் கணக்கு.

| வழி | பாதியில் திரும்ப முடியுமா | உயிர் யார் கையில் | கண்ணுக்குத் தெரியாத செலவு | பிறகு மிஞ்சுவது |
|---|---|---|---|---|
| பாராகிளைடிங் (பைலட்டோடு) | கிளம்பிய பின் முடியாது | பைலட், காற்று | பயண நாட்கள் | நினைவு |
| ஸ்கூபா | எந்த நேரமும் | பாதி நீங்கள், பாதி பயிற்றுநர் | நீச்சல் பயிற்சி, உடல் தகுதி | வித்தை |
| லடாக் பைக் | முடியும். யாரும் திரும்புவதில்லை | சாலையில் போகும் எல்லோரும் | களைப்பு, உயர நோய் | நீண்ட நினைவு |
| மலையேற்றம் | ஒவ்வோர் அடியிலும் | பெரும்பாலும் நீங்கள் | காலை வெயில், அனுமதி | பழக்கம் |
| வீட்டில் இருப்பது | – | – | உடம்பு, மனம், ரகசியம் | கிடைக்காததன் ஏக்கம் |

## பாராகிளைடிங்

இந்தியாவில் இதற்குப் பெயர்போன இடம் இமாச்சலின் பீர் பில்லிங். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி அங்கே நடந்தது. ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பில்லிங்கில் கிளம்பிக் கீழே பீர் என்ற ஊரில் இறங்குவார்கள். மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, அங்கே பறக்கத் தடை உண்டு. நம் பக்கம் ஏலகிரியிலும் பாராகிளைடிங் நடந்திருக்கிறது.

முதல் முறை போகிறவரைப் பைலட்டின் முன்னால் உட்கார வைத்து வாரால் பிணைத்துவிடுவார்கள். அதன்பின் நீங்கள் பயணி, அவ்வளவுதான். எனவே முடிவுகள் எல்லாவற்றையும் தரையிலேயே எடுத்துவிட வேண்டும். பைலட்டுக்கு உரிமம் இருக்கிறதா, மாற்றுப் பாராசூட் இருக்கிறதா, உங்கள் இரண்டு தொடை வார்களும் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். தொடை வாரைப் பூட்ட மறந்து கிளம்பி இறந்தவர்கள் இந்த விளையாட்டில் உண்டு. இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டியது அதுதான்: "காற்று சரியில்லை என்று நீங்கள் நிறுத்தினால் என் பணத்தைத் திருப்பித் தருவீர்களா?" நிறுத்துவதால் யாருக்கு நஷ்டம் என்பதைப் பொறுத்துத்தான் ஒருவர் நிறுத்துவார். தயங்காமல் "தருவோம், வேறு நாளுக்கும் மாற்றித் தருவோம்" என்கிற ஆளை நம்பலாம்.

அடி படுவது பெரும்பாலும் கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான். கால், கணுக்கால், அடுத்தபடியாக விலா முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் முதுகெலும்பு. இறங்கும்போது பைலட் சொன்னபடி செய்தால் இதில் பலவற்றைத் தவிர்க்கலாம். காட்பாடியில் ரயில் ஏறினால், அரை மணி நேரப் பறத்தலுக்காகப் போக வர ஐந்தாறு நாள் ரயிலிலேயே கழியும். வானத்திலிருந்து பூமியை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும், மறுபடி வேண்டாம் என்கிறவருக்கு இது சரி. ஆபத்து ஒரு முறையோடு முடிந்துவிடுகிறது.

(ரப்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்கும் பங்கீ ஜம்பிங்கைப் பற்றியும் கேட்டான். ரிஷிகேஷில் 83 மீட்டரிலிருந்து குதிக்கலாம். அவன் கண்ணுக்குத் தடித்த மைனஸ் கண்ணாடி போடுகிறவன். விழித்திரைக்கு நல்லதில்லை என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிட்டேன்.)

## ஸ்கூபா

வேலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் நான்கைந்து மணி நேரம். பைலட்டை நம்பிப் பறப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு விரலில் இருக்கிறது. தரையில் கட்டை விரலை உயர்த்தினால் "நன்று" என்று பொருள். நீருக்குள் அதற்கு "மேலே போகிறேன்" என்று பொருள். நலமாக இருக்கிறேன் என்று சொல்லக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். யாரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் முடித்துக்கொள்ளலாம் என்பது மூழ்குகிறவர்களிடையே நிலைத்த மரபு. கட்டை விரல் உயர்ந்தால் கூட இருப்பவரும் ஏன் என்று கேட்காமல் ஏற வேண்டும். பயந்தவனைப் பரிகாசம் செய்யாத விளையாட்டு என்பதாலேயே எனக்கு இதன் மேல் மதிப்பு.

ஆபத்து இல்லாமல் இல்லை. பத்து மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரு மடங்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் நுரையீரலுக்குள் காற்று விரிந்து கிழிக்கும். எனவே முதல் விதியும் கடைசி விதியும் மூச்சை நிறுத்தாதே என்பதுதான். சளி பிடித்திருந்தால் காது அடைக்கும். அன்று இறங்கக் கூடாது. ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் நீருக்குள் போகவே கூடாது. கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதிவிட்டு இறங்குகிறவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒன்று: மூழ்கி எழுந்தபின் 12 முதல் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலைக்கும் அதே கதைதான். வேலூர் ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நேராக வீடு வரலாம். ஆனால் காலையில் புதுச்சேரியில் மூழ்கிவிட்டு மாலையில் 1,100 மீட்டர் உயர ஏலகிரிக்கு அறை பதிவு செய்யாதீர்கள். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாக வெளிவரும். மூட்டு வலியில் தொடங்கித் தண்டுவடம் வரை பாதிக்கக் கூடியது அது.

பயிற்றுநரோடு 12 மீட்டருக்குள் ஒரு முறை இறங்கிப் பார்க்கலாம். சான்றிதழ்ப் படிப்பு என்றால் போனஸில் பெரும்பகுதி போய்விடும். 18 மீட்டர் வரை இறங்கத் தகுதி கிடைக்கும். நிறுத்தாமல் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிடம் மிதந்து காட்ட வேண்டும்.

## லடாக் வரை பைக்

அவன் மனதில் முதலிடம் இதற்குத்தான். நான்கில் இதுதான் பாதுகாப்பானது என்றும் நம்பினான், ஏனென்றால் தினமும் பைக்கில்தான் ராணிப்பேட்டை போய் வருகிறான். அக்காவுக்கும் தூரம் ஒன்றுதான் கவலை. பைக்கைப் பற்றிக் கவலை இல்லை. பழகிப்போன ஒன்று பயம் தருவதில்லை.

எனக்கு இந்த வரியைப் பார்த்துத்தான் வயிற்றைக் கலக்கியது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய 75 ஆயிரம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், வேறெந்த மாநிலத்தையும்விட அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். இவர்களில் யாரும் சாகசம் செய்யக் கிளம்பவில்லை. வேலைக்கும் கல்யாணத்துக்கும் கிளம்பியவர்கள்.

லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கர்துங் லா கணவாய் 5,359 மீட்டரில். அங்கே எல்லோரும் பயப்படுவது குளிருக்கும் பள்ளத்துக்கும். மூச்சுக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும்: லே சேர்ந்து இரண்டு நாள் ஓய்வெடுக்காமல் மேலே ஏறினால் தலைவலி, வாந்தி, அதற்கு மேல் நுரையீரலில் நீர். அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் நான் அதைவிட அஞ்சுவது நடுவில் இருக்கும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சமவெளியை. மூன்றாம் நாள் பிற்பகலில், சாப்பிட்ட மயக்கத்தில், நேரான நாலுவழிச் சாலையில், விளக்கு எரியாமல் நிற்கும் லாரியின் பின்னால் போய் மோதுகிறவர்களை எங்கள் வார்டு அறியும். கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் விழித்திருக்கிறார்கள். ஏலகிரியின் 14 வளைவுகளிலும் பையன்கள் கவனமாகவே ஓட்டுகிறார்கள். கீழே பெங்களூரு நெடுஞ்சாலைக்கு வந்ததும் முறுக்குகிறார்கள்.

திரும்பும் வழி இதில் எப்போதும் இருக்கிறது. ஆனால் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து கிளம்பி, ஊரே வழியனுப்பிய பிறகு, நாக்பூரில் களைத்துப்போய் "நான் ரயிலில் வருகிறேன்" என்று சொன்ன ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

போகத்தான் வேண்டுமென்றால் சமவெளியை ரயிலிலோ விமானத்திலோ கடந்து, லே-யில் ஓய்வெடுத்து, அங்கேயே பைக் வாடகைக்கு எடுங்கள். இரவில் ஓட்டாதீர்கள். பைக் உரிமையாளருக்குக் கட்டாயமான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு. லைசென்ஸ் காலாவதி ஆகியிருந்தால் அது கைகொடுக்காது, வாடகை பைக்குக்கும் அது வராது. பல ஆண்டுகள் நெடுந்தூரம் ஓட்டிப் பழகி, நாளைக்கு 300 கிலோமீட்டரோடு நிறுத்தத் தெரிந்தவருக்கு இது வாழ்நாள் அனுபவமாக அமையும். அவனுக்கு இன்னும் அந்தப் பழக்கம் இல்லை.

## மலையேற்றம்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-ல் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு ஆன்லைனில் பதிவு செய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஏலகிரியின் சுவாமிமலைப் பாதையும் அதில் ஒன்று. அனுமதியில்லாத பாதையில் நண்பன் கூப்பிட்டான் என்று போகாதீர்கள். தீ பிடித்தால் நீங்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது.

வேலூரைப் பற்றி "மரமில்லாத மலை" என்று ஒரு பழைய பேச்சு உண்டு. வெறும் பாறை காலை பத்து மணிக்கே அடுப்புக்கல்லாகிவிடும். மாசி பிறந்த பிறகு விடியும் முன் ஏறி, வெயில் ஏறும் முன் இறங்கிவிட வேண்டும். பாறை இடுக்கில் மலைத்தேனீக் கூடு இருந்தால் புகையும் வேண்டாம், வாசனைத் தைலமும் வேண்டாம்.

"இது சாகசமே இல்லையே மாமா" என்றான். உண்மைதான், இதில் வயிறு குலுங்காது. ஆனால் உச்சி கண்ணுக்குத் தெரியும்போது தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று திரும்பப் பழகியவன் வேறெந்த விளையாட்டிலும் பிழைத்துக்கொள்வான். முதலில் எங்கே தொடங்குவது என்று கேட்கிற எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

## வீட்டிலேயே இருப்பது

அக்காவின் வரியை மற்ற வரிகளுக்குச் சமமாகவே எடை போட்டோம்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கும் அதில் பங்கு உண்டு. பத்து மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கைபேசியோடு படுத்திருக்கும் பையனைப் பத்திரமாக இருக்கிறான் என்று சொல்ல என்னால் முடியாது.

அதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. தடுக்கப்பட்ட பிள்ளை போகாமல் இருப்பதில்லை, சொல்லாமல் போகிறான். நண்பனின் பைக், இரவல் ஹெல்மெட் அல்லது அதுவும் இல்லை, எங்கே போனான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. விபத்துக்குப் பின் வார்டுக்கு ஓடிவரும் தாய்மார்கள் பலர் முதலில் கேட்பது, "அங்கே எதற்குப் போனான்?" என்பதுதான்.

முழுமையாக வாழ்வதைப் பற்றி வேலூரில் பேசும்போது டாக்டர் மேரி வர்கீஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1954-ல் சக டாக்டர்களோடு சென்ற ஓர் உல்லாசப் பயணத்தில் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. மலையோ கடலோ அல்ல, சாதாரணச் சாலை. பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் பிறந்தது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அக்காவிடம் இதைச் சொன்னேன். வெளியே போனதால்தானே என்றாள். அவர் வெளியே போகாமல் இருந்திருக்க வேண்டுமா என்று நான் கேட்டபோது பதில் சொல்லவில்லை.

நோயில் விழுந்த பெற்றோரை ஒருவரே பார்த்துக்கொள்ளும் வீட்டில், கைக்குழந்தை உள்ள வீட்டில், தீராத கடன் உள்ள ஆண்டில், வீட்டில் இருப்பதே சரியான முடிவு. அது கோழைத்தனம் ஆகாது. அக்கா வீட்டில் இந்த மூன்றும் இல்லை.

## தாளில் இல்லாத ஆறாவது வரி

பேனாவை வாங்கி நான் எழுதியது: மாடு விடும் விழா.

தை பிறந்தால் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களில் தெருவின் இருபுறமும் தடுப்புக் கட்டி, காளைகளை ஒவ்வொன்றாக ஓடவிடுகிறார்கள். குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த நொடியில் கடந்த காளைக்குப் பரிசு. ஜல்லிக்கட்டை அனுமதித்த 2017 சட்டத்துக்குப் பிறகு முறையான அனுமதியோடு நடக்கிறது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. எனக்கும் அந்த விழா பிடிக்கும். காளையை ஆண்டு முழுவதும் பிள்ளையாக வளர்க்கிறவர்களை அறிவேன்.

ஆனால் அவன் ஆண்டுதோறும் நிற்கும் இடம் தடுப்புக்கு உள்ளே. ஓடும் காளையின் முதுகைத் தட்ட வேண்டும் என்பது பையன்களின் ஆசை. பயிற்சி இல்லை, கவசம் இல்லை, பின்னால் கூட்டம் நெருக்குவதால் விலக இடமும் இல்லை. எதிரே வருவது மிரண்ட ஒரு விலங்கு. அது எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது. அளவுகோல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் ஆறு வரிகளில் மிக மோசமானது இதுதான். அக்கா அதற்கு இதுவரை ஒரு நாளும் தடை சொன்னதில்லை, ஊர்த் திருவிழா என்பதால். விழாவை விட வேண்டாம். மாடியில் நின்று பார்க்கலாம், விழாக்குழுவில் வேலை செய்யலாம், காளையே வளர்க்கலாம்.

## தாள் இப்போது

ஆறாவது வரியை அவனே அடித்தான், நான் கேட்காமல். மூன்றாவது வரியின் பக்கத்தில் "30 வயதில்" என்று எழுதிக்கொண்டான். முதல் வரியை அடிக்கவில்லை. இரண்டாவதைச் சுற்றி வட்டம் போட்டான்.

வடகிழக்குப் பருவமழையில் வங்கக் கடல் கலங்கியிருக்கும் என்பதால் பிப்ரவரிக்குத் தேதி பார்த்திருக்கிறான். அதுவரை ஞாயிறுதோறும் ஒடுகத்தூர் பக்கம் சொந்தக்காரர் நிலத்துக் கிணற்றில் பயிற்சி. இடுப்பில் கயிறு, மறுமுனை பம்புசெட் தூணில். சென்ற வாரம் நானும் போயிருந்தேன். அவன் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தான். கிணற்றுப் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள், மடியில் கைபேசிக் கடிகாரம். ஆறாவது நிமிடத்தில் அவன் கட்டை விரலை உயர்த்தினான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கயிற்றை இழுக்கத் தொடங்கினாள்.